நேட்டோ விரிவாக்கம்: பாதி திறந்த கதவு

நேட்டோ என்ற பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ரஷ்யாவைச் சீண்டியதே நேட்டோதான், உக்ரைன் போருக்கு அதுவே காரணம் என்பது ஒரு கட்சி. நேட்டோ கிழக்கே வராமல் இருந்திருந்தால் ரஷ்யா இன்னும் நாலு நாட்டை விழுங்கியிருக்கும் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே வேகமாகத் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. அது 2008ல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த நேட்டோ மாநாடு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1949ல் 12 நாடுகள் சேர்ந்து ஆரம்பித்த ராணுவக் கூட்டணி இது. அதன் உயிர்நாடி ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லா நாடுகளையும் தாக்கியதாகவே கணக்கு. 1991ல் சோவியத் யூனியன் உடைந்தது. எதிரியே இல்லை, இனி கூட்டணி எதற்கு என்ற கேள்வி வந்தது. ஆனால் கூட்டணி கலையவில்லை, வளர்ந்தது. 1999ல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு. 2004ல் மூன்று பால்டிக் நாடுகள் உட்பட ஏழு. 2024ல் சுவீடன் சேர்ந்தபோது மொத்தம் 32.

எதிர்ப்பவர்களின் வாதம் லேசானதல்ல. 1990ல் ஜெர்மனி இணைப்புப் பேச்சின்போது, நேட்டோ ஓர் அங்குலம்கூட கிழக்கே நகராது என்ற பேச்சை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் கோர்பச்சேவிடம் எடுத்தார். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. சோவியத்தைக் கட்டுப்படுத்தும் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் கென்னனே, இந்த விரிவாக்கம் பெரும் தவறு என்று 1997ல் எழுதினார்.

சரி, மறுபக்கம்? போலந்தையும் எஸ்டோனியாவையும் யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. அவர்களே கதவைத் தட்டினார்கள். 1940ல் சோவியத் படை உள்ளே நுழைந்ததை பால்டிக் நாடுகள் மறக்கவில்லை. ஒரு சின்ன நாடு யாரோடு சேர வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரிய நாடு முடிவு செய்வது என்ன நியாயம்?

இப்போது புக்கரெஸ்டுக்கு வருவோம். உக்ரைனையும் ஜார்ஜியாவையும் சேர்ப்பதற்கான வேலையைத் தொடங்கலாம் என்றார் புஷ். ஜெர்மனியும் பிரான்சும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: இரு நாடுகளும் உறுப்பினர்கள் ஆகும் என்று அறிக்கை வந்தது. எப்போது? தேதி இல்லை. அதுவரை யார் காப்பாற்றுவது? அதற்கும் பதில் இல்லை.

ரஷ்யாவுக்குக் கோபம் மிஞ்சியது, இவர்களுக்கு ஐந்தாவது பிரிவு கிடைக்கவில்லை. நாலே மாதத்தில் ஜார்ஜியாவில் ரஷ்யப் படை. 2014ல் கிரிமியா. 2022ல் முழுப் போர்.

புக்கரெஸ்ட் மட்டும்தான் காரணமா? இல்லை. கிரிமியா பறிபோனபோது உக்ரைன் சட்டப்படி எந்த அணியிலும் சேராத நாடு. நடுநிலையும் அதைக் காப்பாற்றவில்லை. படையை அனுப்பியது ரஷ்யா, அந்தப் பழி ரஷ்யாவுக்குத்தான். ஆனால் காப்பாற்ற மனமில்லாமல் நம்பிக்கை மட்டும் கொடுத்தவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பின்லாந்தைப் பாருங்கள். ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. 2022 மே மாதம் விண்ணப்பம், 2023 ஏப்ரலில் உறுப்பினர். ரஷ்யா மிரட்டியது, படையெடுக்கவில்லை. அப்போது அதன் படை உக்ரைனில் சிக்கியிருந்ததும் ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் பின்லாந்தை யாரும் பதினைந்து வருடம் வாசலில் நிற்க வைக்கவில்லை.

ஆகவே விரிவாக்கம் நல்லதா கெட்டதா என்பது அரைகுறைக் கேள்வி. எஸ்டோனியாவின் எல்லையில் சண்டை வந்தால் லிஸ்பனில் இருப்பவர் தன் பிள்ளையை அனுப்புவாரா? இதற்கு ஆம் என்றால் கதவை முழுசாகத் திறக்கலாம். இல்லை என்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். சொல்லியிருந்தால் உக்ரைன் அன்றே வேறு வழியாவது தேடியிருக்கும்.