இருக்கை வேறு, விதி வேறு



அப்பா அம்மாவுக்கு ஆசையாக பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கிறீர்கள். நல்லது. ஆனால், விலை அதிகம் என்பதால் ரத்து செய்தால் முழுப் பணமும் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். எமிரேட்ஸில் பிசினஸ் கிளாஸுக்குள்ளேயே சேவர், ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ் பிளஸ் என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி விதி. தேதி மாற்றக் கட்டணம் இல்லை என்றாலும், புதிய தேதியில் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

வயதானவர்களுக்கு உடம்பு எப்போது படுத்தும் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குப் படுத்து வரும் வசதியைவிட, பயணத்தைத் தள்ளிப்போடும் வசதியே முக்கியம் என்பேன்.

இன்னொன்று: நம் நாட்டு டி.ஜி.சி.ஏ. விதிப்படி, பணம் திரும்பாத டிக்கெட்டை ரத்து செய்தாலும் அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டுமுன் விதியைப் படியுங்கள். வினாத்தாளை முழுதாகப் படித்துவிட்டு எழுதச் சொன்னது நினைவிருக்கிறதல்லவா?