கொடி செத்தால் குடியும் போகுமா?

வக்கீல்கள் மந்திரியாவது எந்த தேசத்திலும் நடக்கிற சங்கதிதான். ஏழைக்காகக் கோர்ட்டில் முழங்கியவர், சர்க்கார் நாற்காலி கிடைத்ததும் மில் முதலாளிக்குக் குடை பிடிப்பதும் புதிதல்ல. ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியாவைச் சேர்ந்த லூயிஸ் கம்பானிஸ் அந்த ரகத்தில் சேராதவர். ஆனாலும் அவர்மீது நமக்கு ஒரு குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வோம்.

1882ல் பிறந்த கம்பானிஸ், பார்சிலோனாவில் சட்டம் படித்து, சங்கத் தொழிலாளர்களின் வழக்குகளை ஏற்று நடத்தினார். அது லேசான காரியமா? முதலாளிமார் கூலிக் கொலைகாரர்களை ஏவி, சங்கத் தலைவர்களைத் தெருவிலே சுட்டுத் தள்ளிய காலம் அது. 1920 நவம்பரில் கம்பானிஸையும் தொழிலாளர் தலைவர் செகுயியையும் பிடித்து மினோர்கா தீவின் கோட்டையில் அடைத்தார்கள். அவர்களுக்காகப் பரிந்துபேசப் புறப்பட்ட லைரெட் என்ற வக்கீல், ஊன்றுகோலில் நடந்த மனிதர், தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு மாண்டார். லைரெட் வகித்த ஸபடேல் தொகுதி துணி ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே சிறையிலிருந்தபடியே கம்பானிஸ் வென்று வெளியே வந்தார்.

1922ல் திராட்சைக் குத்தகைக்காரர்களுக்குச் சங்கம் கட்டினார். அந்தக் குத்தகையின் விசித்திரத்தைக் கேளுங்கள்! குடியானவன் நட்ட கொடி உயிரோடிருக்கும்வரை நிலம் அவன் கையில். கொடி செத்தால் குத்தகையும் செத்தது. பழைய கொடி ஐம்பது ஆண்டு நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பூச்சி வந்து தோட்டங்களையெல்லாம் அழித்தது. பிறகு அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி நட்டார்கள். இந்தக் கொடிக்கு ஆயுள் குறைவு. பூச்சி செய்த வேலையில் லாபம் மிராசுதாருக்கு!

1933ல் மூன்று மாதம் கம்பானிஸ் ஸ்பெயினின் கடற்படை மந்திரி. அதில் சொல்ல அதிகமில்லை. ஆண்டு முடிவில் கட்டலோனிய சர்க்காரின் தலைவரானதும்தான் விஷயம் சூடேறியது. உழுதவனே நிலத்தை வாங்கிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 1934ல் நிறைவேறியது. மிராசுதாரர்கள் மாட்ரிட்டுக்கு ஓடினார்கள். ஜூன் 8ந் தேதி அங்குள்ள நீதிமன்றம் சட்டம் செல்லாது என்றது. கட்டலோனியப் பார்லிமெண்ட் நாலே நாளில் அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றியது. சபாஷ்!

நமது குறை இதற்குப் பின்னால்தான். மாட்ரிட் மந்திரிசபையில் வலதுசாரிகள் புகுந்ததை எதிர்த்து, அக்டோபர் 6ந் தேதி கம்பானிஸ் கட்டலோனிய ராஜ்யத்தைப் பிரகடனம் செய்தார். ஆனால் தொழிலாளர் கேட்ட ஆயுதம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பொழுது விடிவதற்குள் சரணாகதி! அதே மாதம் அஸ்தூரியஸ் சுரங்கத் தொழிலாளர்கள் இரண்டு வாரம் பட்டாளத்தை எதிர்த்து நின்றார்கள். கம்பானிஸுக்கு முப்பது ஆண்டு தண்டனை, குத்தகைக்காரர்களுக்கு வெளியேற்றம். 1936 பிப்ரவரியில் மக்கள் முன்னணியின் வெற்றிதான் சிறைக்கதவைத் திறந்தது. ஜூலையில் பாசிஸ்ட் தளபதிகள் பார்சிலோனாவில் கிளம்பியபோது, அவர்களை முறியடித்ததில் பெரும் பங்கு துப்பாக்கி ஏந்திய தொழிலாளருடையது.

1939ல் தோல்வி, பிரான்சில் தஞ்சம். நோயுற்ற மகனைத் தேடி அங்கேயே தங்கியவரை 1940 ஆகஸ்டில் ஹிட்லரின் போலீஸ் பிடித்து பிராங்கோவிடம் ஒப்படைத்தது. அக்டோபர் 14ல் ராணுவ விசாரணை. மறுநாள் காலை மோன்ஜுயிக் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? கலகத்துக்கு உடந்தையாம்! கலகம் செய்து ஆட்சியைப் பிடித்தவர்கள் சொன்னார்கள். 2022ல் வந்த ஸ்பானிய சட்டம், பிராங்கோ கோர்ட்டுகளின் இத்தகைய தீர்ப்புகள் செல்லாதவை என்றது.