கதவைச் சாத்துவோர் கணக்கு

குலசேகரத்துக்கும் கீரிப்பாறைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளிலே, கோழி கூவுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களை நோக்கி நடக்கும் பால்வெட்டுத் தொழிலாளியை நாஞ்சில் நாட்டார் அறிவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குன்றும். ஆகவே விடியுமுன் வெட்டு. அவன் கைக்கத்தி பட்டையைச் சீவலாம். உள்ளிருக்கும் தடியைத் தொடலாகாது. தொட்டால் மரம் புண்படும். புண்பட்ட இடத்தில் மறுபட்டை செவ்வையாக வளராது. பல்லாண்டு பால் தரவேண்டிய மரத்தைப் பேராசையால் ஒரு பருவத்தில் பாழாக்குகிறவனை எந்தத் தோட்டக்காரரும் பொறுப்பதில்லை.

மரத்தினிடம் காட்டும் இந்த மதியை மனிதரிடம் காட்டலாகாதா? இதுவே முதலாளிமாரிடம் நாம் கேட்கும் கேள்வி.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நாம் கரும்பலகை முன்னின்று பாடம் சொல்லித் தருகிறோம். நம்மிடம் படித்த பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து, பெட்டியும் கையுமாக நாகர்கோவிலில் ரயிலேறித் திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறார்கள். "அஞ்சாதே, நிமிர்ந்து நில்" என்று வகுப்பில் கற்பிக்கிறோம். ஆலை வாயிலிலோ, "குனி, கேள்வி கேளாதே" என்று கற்பிக்கிறார்கள். நாம் கட்டியதை அவர்கள் இடித்தால், நாம் வாய் மூடியிருப்பது அறமாகுமா?

திருப்பெரும்புதூரில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். அங்கே சாம்சங் ஆலையில் குளிர்பதனப் பெட்டியும் சலவைப் பொறியும் தொலைக்காட்சியும் செய்யும் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் வேலை நிறுத்தம் தொடங்கினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேறி, ஆலைக்கு அருகே பந்தலிட்டு அமர்ந்தனர். கூலி உயர்வு கேட்டார்கள், உண்மை. ஆனால் முதற்கோரிக்கை கூலியன்று: "எங்கள் சங்கத்தை ஒப்புக்கொள்ளுங்கள்" என்பதே!

நிர்வாகம் சொன்ன மறுமொழி என்ன? "எங்கள் தொழிலாளரோடு பேசுவோம், வெளியார் தொடர்புடைய சங்கத்தோடு பேசோம்." அக்டோபர் 7-ஆம் நாள், தனக்கு இசைந்த ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு கண்டதாக அறிவிப்பு வந்தது. பந்தலில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. போராட்டம் நீண்டது. மொத்தம் 37 நாட்கள்! பிறகு அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சு நடந்து வேலை நிறுத்தம் முடிந்தது. சங்கப் பதிவோ, உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியிலேதான் கிடைத்தது. அதே ஆண்டு மேத் திங்களில் அந்தச் சங்கத்தோடேயே ஊதிய உடன்பாடு கையெழுத்தாயிற்று.

சிந்திக்க வேண்டுகிறோம். 2025 மேயில் மேசைக்கு வந்தவர்கள் 2024 செப்டம்பரிலேயே வந்திருக்கலாகாதா? இடையிலே வீணானது எத்தனை உழைப்பு, எத்தனை உற்பத்தி, எத்தனை அடுப்புகளின் வெப்பம்! கதவைச் சாத்தினால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். சாத்திய கதவுக்கே செலவு அதிகம் என்று காலம் கணக்குத் தீர்த்தது.

இதிலே இன்னொரு வேடிக்கை. அந்த நிறுவனத்தின் தாய்நாடாகிய தென்கொரியாவில், 2020 மேத் திங்களிலேயே, அப்போது அதன் துணைத் தலைவராக இருந்த லீ ஜே-யோங் மக்கள் முன் தலைவணங்கி, சங்கமில்லா நிர்வாகம் என்ற பழைய கொள்கையைக் கைவிடுவதாக உறுதி கூறினார். சியோலில் கைவிட்ட கொள்கைக்குத் திருப்பெரும்புதூரில் ஏன் திருவிழா? கொரியத் தொழிலாளிக்கு முதுகெலும்பு உண்டு, தமிழ்த் தொழிலாளிக்கு இல்லையா?

"வெளியார், வெளியார்" என்று வெருள்கிறார்களே, யார் வெளியார்? முதலாளி வழக்காட வெளியிலிருந்து வழக்கறிஞரை அழைக்கிறார். கணக்கெழுதத் தணிக்கையாளரை அழைக்கிறார். தொழிலதிபர் சங்கத்தில் உறுப்பினராகிறார். அவர் சேர்ந்தால் அமைப்பு. இவர் சேர்ந்தால் ஆபத்தோ?

இந்த வாதம் புதிதுமன்று. 1918-இல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் தூண்களாக நின்றனர். வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார் என்று சொல்லி நிர்வாகம் நீதிமன்றம் ஏறி, வாடியா மீது தடையாணை பெற்றது. 1921-இல் அவர் விலக நேர்ந்தது. அமைதி வந்ததா? இல்லை, அதே ஆண்டில் மாதக்கணக்கில் நீண்ட வேலை நிறுத்தமும், துப்பாக்கிச் சூடும், சாவும் வந்தன. அந்தத் தடையாணை நாடெங்கும் எழுப்பிய குமுறலே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்துகளில் ஒன்றாயிற்று. அடக்க எடுத்த கோலே சட்டத்தை ஈன்றது!

நம் மாவட்டத்துக்கே வருவோம். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் முந்திரி ஆலைகள் உண்டு. ஊரார் அவற்றை 'அண்டி ஆபீஸ்' என்பர். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் கருகிய பெண்களே அங்கு உழைப்போர். நம் மாணவி ஒருத்தியின் தாய், பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று நாம் கேட்டபோது சொன்னார்: "சாறே, ஒரு நேரம் லீவு கேட்டதுக்கு நாளைக்கு வரண்டாம்னு சொல்லினும். எல்லாரும் சேந்து கேட்டா, ஆரு தூண்டி விட்டதுன்னு கேப்பினும்." தனித்துக் கேட்டால் வேலை போகும், சேர்ந்து கேட்டால் பழி வரும். அப்படியானால் அந்தத் தாய் எப்படித்தான் கேட்பது?

தோளை மறைக்கும் துணிக்காகவே போராடி, 1859-இல் அரசாணை பெற்ற பெண்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கூலியில்லா ஊழியம் சுமந்த முதுகுகளின் பேரப்பிள்ளைகள். இந்த மண்ணில் மானமே முதற்கூலி; மற்றவை பிறகு!

முதலாளிமார் என்ன செய்யவேண்டும்? கடினமானது ஒன்றுமில்லை.

பெரும்பான்மைத் தொழிலாளர் நம்பும் சங்கத்தை, வழக்கு மன்றம் சொல்லும்வரை காத்திராமல், தாமே ஒப்புக்கொள்ளட்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பே, பல சங்கங்கள் உள்ள ஆலையில் நூற்றுக்கு 51 பேர் ஆதரவு பெற்ற சங்கத்தைப் பேச்சுக்குரிய சங்கமாக ஏற்கச் சொல்கிறது. கைப்பாவைக் குழுக்களைக் கட்டி ஆடவேண்டாம். நிர்வாகமே சங்கம் அமைப்பதை முறையற்ற செயலென்று முந்தைய தொழில் தகராறுச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. நெருப்புப் பிடித்தபின் தண்ணீர் தேடாமல், திங்கள்தோறும் ஒரு நாள் குறித்து அமர்ந்து பேசட்டும். "இலாபம் இல்லை" என்றால் கணக்கேட்டைத் திறந்து காட்டட்டும். மூடிய ஏட்டை யாரும் நம்பார். ஒப்பியதை எழுத்தில் வைக்கட்டும். எழுதியதை நாள் தவறாமல் நிறைவேற்றட்டும். கேள்வி கேட்டவனை இடம் மாற்றிப் பழி தீர்க்கும் பழக்கத்தை விட்டொழிக்கட்டும். அச்சத்தால் தலையாட்டுகிறவன் பழுதான பொறியைப் பற்றியும் வாய் திறக்கமாட்டான், இழப்பு யாருக்கு?

ஆட்சியாளருக்கும் ஒரு சொல். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, அந்த ஆண்டு மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறோம், கொண்டுவந்ததை மறக்கமாட்டோம். 'நம்மவர் ஆட்சி' என்பதால் நாம் நாவடக்கிக்கொண்டால், பகுத்தறிவு என்ற சொல்லை உச்சரிக்கும் தகுதி நமக்கில்லை. முதலீடு வரட்டும், வரவேற்போம். முதுகு வளைந்தால்தான் வரும் என்றால், அது முதலீடு அல்ல, அடகு!

தொழிலாளத் தோழர்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. 1921-இல் பின்னித் தொழிலாளர் ஒற்றுமை உடைந்தது சாதியால். ஒரே தறியில் நின்றவர்கள் சேரிக்கும் தெருவுக்குமாகப் பிரிந்தனர், வென்றது நிர்வாகம். சங்கக் கொடியின் கீழே சாதிக் கொடியை ஒளித்து வைப்பவன், முதலாளி வைக்காத வேட்டைத் தானே வைக்கிறான். கட்சிக்கொரு சங்கம், தலைவருக்கொரு சங்கம் என்று சிதறினாலும் அதே கதிதான். கேட்பது உரிமை, கேட்டுப் பெற்ற உடன்பாட்டைக் காப்பது கடமை.

நாளை விடியுமுன் பால்வெட்டுத் தொழிலாளி மீண்டும் கத்தியோடு புறப்படுவான். எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று அவனுக்குத் தெரியும். பள்ளி கண்டறியாத அந்தக் கைக்குத் தெரிந்த அளவு, பட்டம் பெற்ற நிர்வாகிகளுக்குத் தெரியவேண்டாமா? கற்பிப்பது நம் தொழில், சொல்லிவிட்டோம். கற்றுக்கொள்வது அவர்கள் பொறுப்பு. மறுத்தால், கற்பிக்க வேலை நிறுத்தம் என்ற மற்றோர் ஆசிரியர் காத்திருக்கிறார். அவர் வாங்கும் கட்டணம் அதிகம்!