ஒரு சென்ட் பத்திரிகை... ஒரு லட்சம் வாசகர்களை இழந்தும் பின்வாங்காத டோரதி டே!

1960-ம் ஆண்டு ஜூலை மாதம். நியூயார்க் மாநகராட்சியின் கருவூலத்துக்கு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. அதனுடன் 3,579 டாலர் 39 சென்ட்டுக்கு ஒரு காசோலை. வரிப்பணமும் இல்லை, அபராதமும் இல்லை. மாநகராட்சி கொடுத்த பணத்தைத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள்!

விஷயம் இதுதான். கிறிஸ்டி தெருவில் 223-ம் எண் கட்டடத்தை மாநகராட்சி கையகப்படுத்தியிருந்தது. ஏழைகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்துவந்த இல்லம் அது. இழப்பீடு 68,700 டாலர். பணம் கைக்கு வரத் தாமதமானதால், வட்டியும் சேர்ந்து வந்தது. 'கட்டடத்துக்கான பணம் சரி, வட்டி எங்களுக்கு வேண்டாம்' என்று திருப்பிவிட்டார்கள். வட்டி வாங்குவது பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபை பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த பழைய போதனையை, நியூயார்க் நகரில் ஒரு பெண் இன்னும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் டோரதி டே. பத்திரிகையாளர். தான் நம்புவதை, அன்றாடச் செய்திகளோடு உரசிப் பார்த்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு எழுதியவர்.

யார் இந்த டோரதி டே?

1897-ம் ஆண்டு நவம்பர் 8 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அப்பா விளையாட்டுச் செய்தியாளர். எட்டு வயதில் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை அருகிலிருந்து பார்த்தார். 1906-ல் அந்த நகரம் எரிந்தபோது, வளைகுடாவின் மறுகரையில் ஓக்லாந்தில் குடியிருந்தது அவர் குடும்பம். வீடிழந்து வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தினர் தங்களிடம் இருந்த துணிமணிகளையெல்லாம் எடுத்துக் கொடுத்ததைச் சிறுமி பார்த்தாள். ஆபத்து நேரத்தில் இப்படி அன்பு காட்டத் தெரிந்தவர்கள், சாதாரண நாள்களில் ஏன் அப்படி இருப்பதில்லை? அந்தக் கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நியூயார்க் வந்து, சோஷலிஸ்ட் பத்திரிகைகளில் நிருபரானார். 1917-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களோடு வாஷிங்டனில் கைதாகி, சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அப்போது அவருக்கு 20 வயது. கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லாத காலம் அது.

கஷ்டம் வரும்போது கடவுளைத் தேடுவார்கள் என்போம். டோரதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சந்தோஷம். இனித் தனக்குக் குழந்தையே பிறக்காது என்று நினைத்திருந்தவருக்கு 1926-ல் டாமர் என்ற மகள் பிறந்தாள். இந்த நன்றியை யாரிடம் சொல்வது என்ற தவிப்பில்தான் அவர் தேவாலயப் படியேறினார். முதலில் மகளுக்கு ஞானஸ்நானம். 1927 டிசம்பரில் அவருக்கும். குழந்தையின் தந்தை மதத்தில் துளியும் நம்பிக்கை இல்லாதவர். அவரோடு சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை அதோடு முடிந்தது. நம்பிக்கைக்காக டோரதி கொடுத்த முதல் விலை அது.

ஒரு சென்ட் பத்திரிகை

1930-களில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தநிலை பிடித்து ஆட்டியது. 1933-ல் நான்கில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. தெருவில் போராடியவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள். 'என் சபையைச் சேர்ந்தவர்கள் எங்கே?' என்பதுதான் டோரதியின் ஆதங்கம்.

அந்த நேரத்தில் பீட்டர் மாரின் என்பவரைச் சந்தித்தார். பிரான்ஸிலிருந்து வந்து கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த சிந்தனையாளர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் 'கத்தோலிக் ஒர்க்கர்' பத்திரிகை. 1933 மே 1, உழைப்பாளர் தினத்தன்று, கூட்டம் நிரம்பிய யூனியன் சதுக்கத்தில் முதல் இதழை விற்றார்கள். 2,500 பிரதிகள். விலை ஒரு சென்ட்.

எழுதுவதோடு நிற்கவில்லை. பத்திரிகையில் 'ஏழைகளை வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியதைப் படித்துவிட்டு, ஏழைகள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள்! அப்புறம் என்ன... வாடகைக்கு இடம் பிடித்து, நம் ஊரில் கஞ்சித்தொட்டி திறப்பார்களே, அதுபோல ரொட்டியும் சூப்பும் காபியும் கொடுக்கத் தொடங்கினார்கள். வந்தவர்களிடம் ஜெபம் சொல்லச் சொல்லவில்லை. மதம் மாறச் சொல்லவில்லை. குடிப்பவர்களும் சண்டை போடுபவர்களும் வந்தார்கள். டோரதியும் அவர்களோடு அதே கூரையின் கீழ்தான் வாழ்ந்தார்.

செய்தித்தாளும் நற்செய்தியும்

மாதாமாதம் டோரதி எழுதிய பத்தி, 1946-லிருந்து 'யாத்திரையில்' என்று பொருள்படும் தலைப்பில் வந்தது. அதில் என்ன இருக்கும்? திருப்பலிக்குப் போனது இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்ன கதை இருக்கும். சூப்புக்குக் காய் வாங்கக் காசில்லாதது இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு வந்த அம்மை இருக்கும். தஸ்தயேவ்ஸ்கி நாவல் பற்றி நாலு வரி, சனிக்கிழமை ரேடியோவில் கேட்ட ஓபரா பற்றி இரண்டு வரி. அதற்கு நடுவே வேலைநிறுத்தம், போர், அணுகுண்டு.

படிப்பவருக்கு இது துண்டுதுண்டாகத் தெரியலாம். ஆனால், டோரதிக்கு ஞாயிற்றுக்கிழமை பக்தி வேறு, திங்கட்கிழமை செய்தித்தாள் வேறு இல்லை. பசித்தவருக்கு உணவு கொடு, அந்நியரை ஏற்றுக்கொள், சிறையில் இருப்பவரைப் போய்ப் பார் என்று இயேசு சொன்னதை அவர் உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய வேலைப் பட்டியலாக எடுத்துக்கொண்டார்.

1945 ஆகஸ்ட்டில் ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டுகள் விழுந்தன. போர் முடிந்த மகிழ்ச்சியில் அமெரிக்கா மிதந்தது. அதிபர் ட்ரூமன் ஆனந்தத்தில் இருந்ததாக எழுதிய பத்திரிகைகளிலிருந்து அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் டோரதி. இத்தனை பேரைக் கொன்றதற்கா ஆனந்தம் என்று செப்டம்பர் இதழில் கேட்டார். தூசியாகிப்போன அந்த மனிதர்களை நியூயார்க்கின் பனிமூட்டத்தில் நாமும் சுவாசிப்போம் என்று எழுதினார். வெற்றி விழா நேரத்தில் இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1948-ல் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டபோது, பிப்ரவரி இதழில் அவருக்கு அஞ்சலி எழுதினார். அந்தக் காலத்துப் பொதுவாழ்க்கையில் இயேசுவின் வழிக்கு இவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தவர் வேறு யாரும் இல்லை என்பது அதன் சாரம். ஒரு இந்துவைப் பற்றி ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையில் இப்படி எழுத டோரதி யோசிக்கவே இல்லை.

வாசகர்கள் விலகிய காலம்

2,500 பிரதிகளில் தொடங்கிய பத்திரிகை, 1936-ல் ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. அந்த வருடமே ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அங்கே பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் கொல்லப்பட்டதால், அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலானோர் ஜெனரல் ஃபிராங்கோவின் பக்கம் நின்றார்கள். டோரதி எந்தப் பக்கமும் சேரவில்லை. 'எதிரியை நேசி' என்ற மலைப்பொழிவுக்கு விதிவிலக்கு கிடையாது என்றார். எதிர்ப்பு கிளம்பியது.

அடுத்து இரண்டாம் உலகப் போர். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு, நாடே கொதித்துக்கொண்டிருந்தது. 1942 ஜனவரி இதழில், 'எங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. போரை ஆதரிக்க மாட்டோம்' என்று அறிவித்தார் டோரதி. இந்த முறை எதிர்த்தவர்கள் வெளியாட்கள் மட்டுமல்ல. அவருடைய இயக்கத்துக்குள்ளேயே பலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஹிட்லரை எதிர்த்துப் போரிடாமல் எப்படி என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. இன்றைக்கும் டோரதியின் எழுத்தைப் படிப்பவர்கள் அந்த இடத்தில் தடுமாறத்தான் செய்கிறார்கள்.

பல இல்லங்கள் மூடப்பட்டன. பிரதிகள் சுமார் ஐம்பதாயிரமாகச் சரிந்தன. இன்றைய மொழியில் சொன்னால், ஒரு லட்சம் பேர் 'அன்ஃபாலோ' செய்துவிட்டார்கள். ஒரு சென்ட் விலையிலும் நன்கொடையிலும் ஓடும் பத்திரிகைக்கு இது சாதாரண அடி இல்லை. காலையில் சூப் வரிசையில் நிற்பவர்களின் சாப்பாடும் அந்த வாசகர்கள் அனுப்பும் பணத்தில்தான் இருந்தது. அதுதான் டோரதிக்கு இருந்த உண்மையான சங்கடம். இருந்தும், பணம் குறைகிறதே என்று எழுத்தை மாற்றவில்லை.

கர்தினாலுக்கு எதிராக...

அரசாங்கத்தை விமர்சிப்பது ஒரு வகைத் துணிச்சல். சொந்த சபையின் தலைவரை விமர்சிப்பது இன்னொரு வகை.

1949-ல் நியூயார்க் உயர்மறைமாவட்டத்துக்குச் சொந்தமான கல்வாரி கல்லறைத் தோட்டத்தில், குழிவெட்டும் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களும் கத்தோலிக்கர்களே. கர்தினால் ஸ்பெல்மேன் இதைக் கம்யூனிஸ்ட் தூண்டுதல் என்றார். குருமாணவர்களை அழைத்து வந்து குழி வெட்டவைத்தார். அன்றைய அமெரிக்கக் கத்தோலிக்கத்தில் அவரைவிடச் செல்வாக்கானவர் இல்லை என்றே சொல்லலாம்.

டோரதி தொழிலாளர்களின் பக்கம் நின்றார். அவருடைய ஆட்கள் மறியலில் கலந்துகொண்டார்கள். கர்தினாலுக்கு மரியாதையோடு ஒரு கடிதம் எழுதினார். பிரச்னை சம்பளம் மட்டுமல்ல, தொழிலாளியின் தன்மானம் என்று அதில் சொன்னார். தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் போப்பாண்டவர்களே எழுதியிருந்த காலம் அது. சபையின் போதனையைச் சபைக்கே ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான்.

அதற்காகச் சபையை விட்டு வெளியேறவில்லை. தினமும் திருப்பலிக்குப் போனார். ஜெபமாலை சொன்னார். குடும்பம், ஒழுக்கம் பற்றிய சபையின் கட்டுப்பாடுகளை இளைஞர்கள் கேலி செய்தால், கோபப்பட்டார். அதனால், அவரை எந்தக் கட்சியிலும் முழுதாகச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. இடதுசாரிகளுக்கு அவருடைய ஜெபமாலை உறுத்தியது. பழமைவாதிகளுக்கு அவருடைய மறியல் உறுத்தியது.

இன்றைக்கும் மதம் பற்றிய வாக்குவாதங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் நடக்கின்றன. பெரும்பாலும் அடுத்தவர் மதத்தில் என்ன தப்பு என்பதுதான் பேச்சு. டோரதி தன் மதத்தின் அளவுகோலை எடுத்தார். அதை வைத்து முதலில் தன்னை, பிறகு தன் சபையை, அதன் பிறகு நாட்டை அளந்தார். அந்த வரிசையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டரை டாலர் இல்லை... 250 டாலர்!

1956-ல் இல்லத்தில் தீத்தடுப்பு வசதிகள் சரியில்லை என்று 250 டாலர் அபராதம் விதித்தது நீதிமன்றம். கையில் பணமில்லை. நீதிமன்றத்துக்குக் கிளம்பிய டோரதியிடம், வாசலில் நின்றிருந்தவர்களில் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். பழைய துணி வாங்க வந்த ஏழை என்று நினைத்த டோரதி, ஏதோ இரண்டரை டாலர் தருகிறார் என்று வாங்கிக்கொண்டார். ரயிலில் போகும்போது பிரித்துப் பார்த்தால், 250 டாலருக்குக் காசோலை. கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞர் டபிள்யூ.ஹெச்.ஆடன்!

அதே காலத்தில், அணுகுண்டு ஒத்திகைக்காக நகரில் சைரன் ஒலிக்கும்போது எல்லோரும் பதுங்குமிடத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1955 முதல் டோரதியும் நண்பர்களும் பூங்காவில் அசையாமல் உட்கார்ந்தார்கள். அணு ஆயுதப் போரிலிருந்து இப்படித் தப்பிக்கலாம் என்று மக்களை நம்பவைப்பது பொய் என்பது அவர் கட்சி. 1957-ல் 30 நாள் சிறைத் தண்டனை. முதல் வருடம் ஒரு சிலர் மட்டுமே உட்கார்ந்த பூங்காவில், 1960-ல் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். 1961-க்குப் பிறகு ஒத்திகையே நின்றுபோனது.

1970-ல் இந்தியா வந்து, கல்கத்தாவில் அன்னை தெரசாவைச் சந்தித்தார். 1973-ல் கலிஃபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர்களின் போராட்டத்தில் கைதானார். அப்போது வயது 75. துப்பாக்கி தாங்கிய போலீஸாருக்கு நடுவே, தொப்பி போட்ட ஒரு பாட்டி அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது.

1980 நவம்பர் 29 அன்று, நியூயார்க்கில் வீடற்ற பெண்களுக்காக நடத்திவந்த 'மேரி ஹவுஸ்' இல்லத்தில் டோரதி காலமானார்.

புனிதர் பட்டத்துக்கான பணிகள் 2000-ம் ஆண்டு தொடங்கின. இப்போது 'இறை ஊழியர்' என்று அழைக்கப்படுகிறார். முன்பு அவரோடு முரண்பட்ட அதே நியூயார்க் உயர்மறைமாவட்டம்தான் இதை முன்னெடுக்கிறது. 2015-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய போப் பிரான்சிஸ், லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோருடன் டோரதியின் பெயரையும் சொன்னார். 'என்னைப் புனிதர் என்று சொல்லி ஓரமாக வைத்துவிடாதீர்கள்' என்று டோரதியே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டால், அவர் செய்ததை நாம் செய்ய வேண்டியதில்லையே!

'கத்தோலிக் ஒர்க்கர்' இன்றும் வெளிவருகிறது. நியூயார்க் இல்லங்களில் பசித்து வருபவர்களுக்கு சூப் கொடுப்பதும் தொடர்கிறது. பத்திரிகையின் விலை, இப்போதும் ஒரு சென்ட்தான்.