தூத்துக்குடியில் நிலா எதற்கு?

நிறைக்கும் எடைக்கும் என்ன வித்தியாசம்? தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நிறை மாறாது, எடை மாறும். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு. ரெண்டு மார்க், ஆளை விடு.

அந்த நிறை என்பதுதான் என்ன என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். 'பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு' என்பார்கள். அந்த அளவை எப்படி அளப்பது? 'அதான் சார், நிறை!' செக்குமாடு ஒரு சுற்று வந்தாயிற்று.

மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் இந்த மனப்பாடமும் உதவாது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நாம் நிறை என்பது 'திணிவு'. நாம் எடை என்பதுதான் அங்கே 'நிறை'. நம் ஊர் முதல் மாணவன் அங்கே போய்ப் பரீட்சை எழுதினால் முட்டை. வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டால் இதுதான் கதி.

நிலாவுக்கு எதற்குப் போகிறீர்கள்? பிள்ளைகளைத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கூட்டிப்போங்கள். ஐம்பதாயிரம் டன் கப்பல் ஒன்று மிதக்கிறது. அதன் எடை முழுவதையும் கடல் தாங்கிக்கொள்கிறது. அப்புறமென்ன, ஒரு தள்ளு தள்ளினால் ஓடவேண்டியதுதானே? ஓடாது. இழுவைப் படகுகள் முக்கி முனகித்தான் நகர்த்தும். நகர்ந்ததை நிறுத்துவதற்கும் அதே பாடு. இந்த அடத்துக்குப் பெயர் நிலைம நிறை.

பக்கத்திலேயே கிரேன் ஒரு கன்டெய்னரைத் தூக்குகிறது. இங்கே சண்டை பூமியின் இழுப்போடு. பூமி எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஈர்ப்பு நிறை. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த நிறையை எழுதித் தராத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. வாத்தியாருக்கு இதைவிட நல்ல கரும்பலகை எங்கே கிடைக்கும்?

கொற்கைக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின் துணையோடு அடியில் இறங்கினார்கள். கல்லைக் கீழே இழுத்தது அதன் எடை. கரைக்கு வந்த முத்தைத் தராசுத் தட்டில் வைத்தால் தெரிவது நிறை. அந்தத் தராசை நிலாவுக்கே கொண்டுபோனாலும் அதே படிக்கல்லுக்கு அதே முத்து சரியாக நிற்கும். ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டால்தான் ஆறில் ஒரு பங்கு காட்டும்.

இனிதான் உண்மையான அதிசயம். அசைய மறுக்கும் அடமும், பூமியிடம் இழுபடும் குணமும் வேறு வேறு சமாச்சாரங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? ஆனால் இருக்கிறது. பத்து மடங்கு கனமான கல்லைப் பூமி பத்து மடங்கு இழுக்கிறது. கல்லும் பத்து மடங்கு அடம்பிடிக்கிறது. கணக்கு நேராகிவிட, காற்றில்லாத இடத்தில் கல்லும் முத்தும் ஒன்றாகவே விழுகின்றன. நியூட்டன் ஊசல்களை ஆட்டிப் பார்த்தார். 'மைக்ரோஸ்கோப்' என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோளின் 2022 முடிவுப்படி, கோடி கோடியில் ஒரு பங்கு நுணுக்கம்வரை வித்தியாசம் தென்படவில்லை. ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியலை எழுப்பியதே இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

இதை வகுப்பறையில் கேட்டு வாயைப் பிளந்தவர்கள் கை தூக்குங்கள். எண்ணிவிடலாம். ரெண்டு மார்க்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்று நாமே முடிவுகட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமில்லை என்று புலம்புகிறோம். துறைமுகம் பஸ் தூரத்தில் இருக்கிறது. நிலா கொஞ்சம் காத்திருக்கட்டும்.