கப்பலேறாத 18 வருடம்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

இந்த ஷிப்பிங் அலுவலகத்தில் 18 வருடமாக உங்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் பதவி உயர்வு பற்றிய மூன்று மனுக்களையும் உங்கள் கையிலேயே கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆபரேஷன்ஸ் மேனேஜர் பதவிக்கான நேர்காணலில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கப்பலுக்குப் போர்டிங் போன அனுபவம் உண்டா?" இல்லை என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு முறையும் போர்டிங் பட்டியலில் என் பெயரை அடித்தவர் நீங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கப்பல் பெர்த்துக்கு வரும், கேங்வே ஏறணும், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா?" என்றீர்கள். அக்கறை என்று நம்பினேன். அதையே இப்போது தகுதிக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

பதவி கிடைத்தது, மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்து, என் பக்கத்து நாற்காலியில் வேலை கற்ற தம்பிக்கு. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பொறுப்பேற்ற அன்று சாயங்காலமே என் மேசைக்கு வந்தான். கையில் முந்திரிக்கொட்டை கன்டெய்னர்களின் மேனிஃபெஸ்ட். ஒரு பில் ஆஃப் லேடிங்கில் மூட்டைக் கணக்கு மாறியிருந்தது. "அக்கா, அமெண்ட்மெண்ட் எப்படிப் போடணும்?" என்று தலையைக் குனிந்தபடி கேட்டான். பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினேன். கஸ்டம்ஸ் தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கியவள் நான். கையெழுத்துப் போட்டது மேனேஜர்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தூத்துக்குடி மிதந்ததே, அப்போது முழங்கால் தண்ணீரில் வந்து கோப்புகளை மாடிக்குத் தூக்கியவர்கள் இந்த அலுவலகத்துப் பெண்கள் நாங்கள்தான். தூக்கி முடிக்க ராத்திரி பத்து மணி. பொம்பளப் புள்ளை என்று அன்று யாரும் எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை.

சென்னைப் பெண் ரேஷ்மா நிலோஃபர் 2018-லேயே ஹூக்ளி ஆற்றில் கப்பல்களை வழிநடத்தும் பைலட் ஆகிவிட்டார். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறிப் போய் செய்கிற வேலை அது. கரையில் கட்டி நிற்கும் கப்பலின் கேங்வேயில் நான் ஏறக்கூடாது என்கிறீர்கள்.

2024 செப்டம்பர் 16 அன்று நம் வ.உ.சி. துறைமுகத்தில் புதிய கன்டெய்னர் முனையம் திறந்தபோது, அதன் பணியாளர்களில் 40 விழுக்காடு பெண்கள் என்று பிரதமர் பேசினார். அந்தச் செய்தியை வெட்டி நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர் நீங்கள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் டாக்குமென்டேஷன் மேசைக்குப் போகிறோம். இந்த அலுவலகத்தில் ஒரு பெண்கூட அந்த மேசையை விட்டு மேலே போனதில்லை. இது அநியாயம். உங்களுக்கே தெரிந்த அநியாயம்.

ஜூனில் சேர்ந்த பெண் மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு ஜி கார்டு தேர்வுக்குப் படிக்கிறாள். "பாஸ் பண்ணா மேல போயிரலாமாக்கா?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்த கப்பலின் போர்டிங் பட்டியலில் எங்கள் இருவர் பெயரையும் எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
டாக்குமென்டேஷன் பிரிவு ஊழியர்,
தூத்துக்குடி