விளையாட்டுதானே என்கிறவர்களுக்கு

'அது வெறும் விளையாட்டுங்க, அங்க என்ன அரசியல்?' என்று கேட்கிற முற்போக்காளர்களுக்கு நான் சொல்கிறேன்: அரசியலை அங்கே கொண்டுபோனது பால்புதுமையினர் அல்ல.

2006 ஜனவரி. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இணைய விளையாட்டில் ஒரு பெண், 'பால்புதுமையினர் தயங்காமல் வரலாம்' என்று தன் குழுவுக்கு ஆள் கூப்பிட்டார். பிளிசார்ட் கம்பெனி அவரையே எச்சரித்தது. ஏனாம்? அப்படிச் சொன்னால் மற்றவர்கள் ஏசுவார்களாம்! ஏசுகிறவனை விட்டுவிட்டு, ஏச்சு வாங்குகிறவர் வாயைப் பொத்துகிற நியாயம் இது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மன்னிப்பு வந்தது.

'மறைச்சுக்கோ' என்பது ஒரு கட்டளை. 'உண்மையில நீ யாரு, நிரூபி' என்பது இன்னொன்று. இரண்டாவதை ஆய்வாளர்களும் போடுகிறார்கள். டாம் போல்ஸ்டார்ஃப் போடவில்லை. இந்தோனேசியாவின் தன்பாலீர்ப்பு மக்களிடையே களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் இவர். 2004 முதல் 2007 வரை, வெற்றி தோல்வி இல்லாத 'செகண்ட் லைஃப்' இணைய உலகுக்குள்ளேயே ஓர் உருவெடுத்து ஆய்வு செய்தார், 2008இல் நூலாக்கினார். திரைக்குப் பின்னால் ஆணா பெண்ணா என்று துருவித் திரியவில்லை.

சான்று கேட்காதது ஆய்வா என்று மூக்கைச் சுளிப்பவர்களே, நட்பும் காதலும் பிரிவும் அங்கே நடக்கின்றன. அங்கேயே போய்ப் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பீர்கள்?

மறைக்கச் சொல்பவனும் நிரூபிக்கச் சொல்பவனும் பங்காளிகள். நான் யார் என்பதை நான் சொல்ல, எவனுடைய அனுமதிச் சீட்டும் தேவையில்லை.